சுவருக்குப் பின்னாலிருந்து சுடுதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கிருஷ்ணகிரிக்கும் பர்கூருக்கும் இடையில் உள்ள ஒரு மாந்தோப்பில் பதினொரு பேருக்கு நான்கு நாள் பயிற்சி கொடுத்தேன். அவர்களில் ஏழு பேர் என்னைப் போலவே ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, சொந்த உரிமத்தில் பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கி வாங்கி, வங்கியிலோ பணம் ஏற்றிச் செல்லும் வண்டியிலோ கன்மேன் என்னும் ஆயுதக் காவலர் வேலைக்குப் போகிறவர்கள். மற்ற நால்வர் ஏர் ரைபிளில் குறிபார்த்துச் சுடப் பழகும் இளைஞர்கள். மூன்றாம் நாள் காலையில், மாம்பழம் அடுக்கும் பழைய மரப்பெட்டிகளுக்குப் பின்னால் மண்டியிட்டு இருபது மீட்டர் தூரத்து அட்டையைச் சுட வேண்டிய பாடத்தில், ஓர் இளைஞர் துப்பாக்கியின் மேல் பொருத்திய தொலைநோக்கி வழியாகக் குறியின் நடுவைத் தெளிவாகப் பார்த்து விசையை அழுத்தினார். அட்டையில் ஓட்டை விழவில்லை. ஈயக்குண்டு அவர் முன்னால் இருந்த பெட்டியின் மேல் விளிம்பில் பட்டுத் தெறித்து, அடுத்த அடுக்குக்குப் பின்னால் இருந்த அவருடைய நண்பரின் முகத்தில் வந்து மோதியது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் என் பயிற்சியில் யாரையும் நான் நிற்க விடுவதில்லை. அதனால் அந்தப் பிள்ளையின் கண் தப்பியது.

சுட்டவர் என்னிடம் சொன்ன சொற்கள் இவை: "சார், குறி நல்லாத் தெரிஞ்சுதே சார்." முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ராணுவத்தில் எனக்குப் பயிற்சி தந்த உஸ்தாதிடம் நானும் ஏறக்குறைய இதையேதான் சொன்னேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம்.

விசையில் விரலை வைத்துக்கொண்டே நடப்பது, குழலை அடுத்தவர் பக்கம் திருப்புவது, குண்டு இருக்கிறதா என்று பார்க்காமல் துப்பாக்கியை வாங்குவது ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை முதல் நாளே சொல்லித் தராத பயிற்சியாளர் யாரும் இருக்க முடியாது. ஓரளவு பழகியவர்களும் செய்கிற, பழகியதாலேயே செய்கிற தவறுகள்தான் இங்கே பேசவேண்டியவை.

மறைப்பும் காப்பும்

பட்டாளத்தில் இந்திப் பாடத்தில் 'ஆட்' என்ற சொல் முதல் வாரத்திலேயே வந்துவிடும். குண்டைத் தாங்கும் ஆட் ஒன்று. பார்வையை மட்டும் தடுப்பது வேறு. தமிழில் நான் முன்னதைக் காப்பு என்றும் பின்னதை மறைப்பு என்றும் சொல்லித் தருகிறேன், ஏனென்றால் மறைவு என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் புதியவர்கள் குழம்பிப் போகிறார்கள்.

வேலி ஓரத்து முள்செடி மறைப்பு. தகரக் கதவு மறைப்பு. காரின் கதவும் ரைபிள் குண்டுக்கு முன்னால் மறைப்பு மட்டுமே. வண்டியில் ஓரளவு நம்பக்கூடியவை என்ஜின் உள்ள பகுதியும் சக்கரத்தின் இரும்பு வட்டும்தான். உள்ளே வெற்றிடமாக இருக்கும் ஹாலோ பிளாக் சுவர், பார்ப்பதற்குக் கனமாக இருந்தாலும், அடுத்தடுத்து அடிபட்டால் உடைந்து திறந்துகொள்ளும். பணம் ஏற்றும் வண்டியில் போகிற கன்மேன்கள் கதவைத் திறந்து அதன் பின்னால் பதுங்குவதைப் பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே மாற்ற வேண்டியிருக்கிறது.

நம் மாவட்டத்திற்கே உரிய ஒன்றும் இருக்கிறது. ஓசூர் முதல் கிருஷ்ணகிரி வரை காடுகழனிக்கு வேலியாக நடும் கிரானைட் கற்பலகைகள் கைத்துப்பாக்கிக் குண்டையும் சிறு குண்டுகளையும் நன்றாகவே தடுக்கும், ஆனால் கல்லின் முகம் சில்லு சில்லாகப் பெயர்ந்து பறக்கும். கல்லை ஒட்டி முகம் வைத்திருப்பவருக்குக் குண்டு படாவிட்டாலும் சில்லு படும். கல்குவாரியில் உளி பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, அவர்கள் தாமாகவே ஒரு முழம் தள்ளி நிற்கிறார்கள்.

கண் போகிற வழியும் குழல் போகிற வழியும்

மேலே சொன்ன இளைஞரின் தவறு இதுதான். இந்தத் தவறைப் பற்றி நான் கோபமில்லாமல் பேசியதே இல்லை.

1996ஆம் ஆண்டு. என் கையில் இருந்தது 7.62 மில்லிமீட்டர் குண்டு சுடும் எஸ்.எல்.ஆர். ரைபிள். சுடுதளத்தில் இடுப்பளவு காங்கிரீட் தடுப்புச் சுவருக்குப் பின்னால் மண்டியிட்டு, நூறு மீட்டர் தூரத்து உருவ அட்டையைச் சுட வேண்டும். நெஞ்சையும் தலையையும் எவ்வளவு குறைவாக வெளியே காட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று சொல்லியிருந்தார்கள். நான் அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, குறிபார்க்க உதவும் பின் சைட்டின் துளையும் முன் சைட்டின் முனையும் சுவருக்கு மேலே தெரிகிற அளவுக்கு மட்டும் உயர்ந்தேன். சிஸ்த், அதாவது குறிபார்த்த நேர், சரியாக இருந்தது. சைட்டுக்குக் கீழே, நான்கு விரல் அகலம்கூட இல்லாத தூரத்தில், குழல்வாய் சுவரின் விளிம்பை நோக்கி இருந்ததை நான் பார்க்கவில்லை. முதல் குண்டு காங்கிரீட்டைப் பெயர்த்தது. என் இடப்பக்கம் இருந்த தோழனின் கண்ணுக்குக் கீழே சில்லு பாய்ந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். பார்வை முழுதாகத் திரும்பவில்லை, மெடிக்கல் கேட்டகரி என்னும் அவனுடைய உடல்தகுதித் தரம் இறங்கியது, பதவி உயர்வுக்காக அவன் ஆசைப்பட்ட கேடர் கோர்ஸுக்கு அதன் பிறகு அவன் பெயர் போகவே இல்லை. அவன் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. மொரப்பூர் பக்கத்தில் அவன் மகள் திருமணத்திற்குப் போயிருந்தபோது, ஒரு பக்கம் தலையைச் சாய்த்து அவன் என்னை அடையாளம் பார்த்த விதம் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

இந்தத் தவறு ஏன் நேர்கிறது என்று புரிந்துகொண்டால்தான் தவிர்க்க முடியும். துப்பாக்கியில் கண் பார்க்கும் கோடு ஒன்று, குண்டு புறப்படும் கோடு மற்றொன்று. சைட் எப்போதும் குழலுக்கு மேலே இருக்கிறது. ஏ.ஆர். 15 குடும்பத்து ரைபிள்களில் இந்த இடைவெளி சுமார் 6.6 சென்டிமீட்டர், ஏர் ரைபிளின் மேல் தொலைநோக்கி பொருத்தினால் பெரும்பாலும் 4 முதல் 5 சென்டிமீட்டர் வரை வரும். தொலைவில் ஓரிடத்தில் இரண்டு கோடுகளும் சந்திக்கும்படி ஜீரோ செய்கிறோம். 25 மீட்டரில் சந்திக்கும்படி அமைத்த ஒரு ரைபிளை எடுத்துக்கொள்வோம். குழல்வாயில் குண்டு, கண் பார்க்கும் கோட்டுக்கு 6.6 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. 5 மீட்டரில் சுமார் 5.3 சென்டிமீட்டர் கீழே. 10 மீட்டரில் சுமார் 4 சென்டிமீட்டர் கீழே. குறியில் போய்ச் சேரும்போதுதான் கண்ணும் குண்டும் ஒன்றாகின்றன. ஆனால் நாம் பதுங்கியிருக்கும் சுவர் குழல்வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் அல்லவா இருக்கிறது? அங்கே இடைவெளி முழுவதும் அப்படியே இருக்கிறது. கண் சுவரைத் தாண்டிவிட்டது, குழல் தாண்டவில்லை.

தொலைநோக்கி இதை இன்னும் மோசமாக்குகிறது. சாதாரண இரும்பு சைட்டில் பார்க்கும்போது சுவரின் விளிம்பு கலங்கலாகவாவது கண்ணில் படும். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியோ தொலைவில் குவிந்திருப்பதால், அரை மீட்டர் தூரத்தில் உள்ள விளிம்பு அதில் உருவமாகவே தெரிவதில்லை. படத்தின் அடிப்பகுதி சற்று மங்குவதோடு சரி, குறி மட்டும் பளிச்சென்று நிற்கும். அதனால்தான் விலை உயர்ந்த தொலைநோக்கி வைத்திருப்பவர் இந்தத் தவறை அதிகமாகச் செய்கிறார் என்பது என் அனுபவம்.

பன்னிரண்டு போர் துப்பாக்கியில் பழகிய மூத்தவர்கள் இதில் வேறு விதமாக மாட்டிக்கொள்கிறார்கள். அந்தத் துப்பாக்கியில் குழலின் முனையில் ஒரு சிறு மணிதான் சைட். அது குழலின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கிறது. கண் கோட்டுக்கும் குழல் கோட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால், பல ஆண்டுகள் அதையே சுட்டவருக்குக் கண் பார்த்த இடம் குழல் போகும் இடம் என்ற நம்பிக்கை உடம்பிலேயே ஏறிவிடுகிறது. அந்த நம்பிக்கையோடு ரைபிளைக் கையில் எடுத்தால் முதல் குண்டே சுவரில்தான் போகும். பயிற்சிக்கு வந்த ஏழு மூத்தவர்களில் ஐந்து பேருக்கு அப்படித்தான் நடந்தது.

துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்துச் சுடும்போது இடைவெளியும் பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறது என்பதைச் சொன்னால் பலரும் வியப்போடு பார்க்கிறார்கள். சுவரின் வலது ஓரத்தில் இருந்து எட்டிப் பார்த்துச் சுடுபவர் ரைபிளை வலப்பக்கம் சாய்த்தால், சைட் வெளிப்பக்கம் போகும், குழல் சுவர்ப்பக்கம் வந்துவிடும். கண்ணுக்கு வழி திறந்தே இருக்கும், குண்டுக்கு இருக்காது. இடது ஓரத்தில் இடப்பக்கம் சாய்த்தாலும் இதே கதைதான்.

மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் இன்னொரு பொறி. மாடியிலிருந்து கீழ்நோக்கிக் குறிபார்க்கும்போது சுவரின் உள்விளிம்பை எல்லோரும் கவனிக்கிறார்கள். ஒன்பது அங்குலம் தள்ளி இருக்கும் வெளிவிளிம்பை யாரும் கவனிப்பதில்லை. குழல் கீழ்நோக்கிச் சாயச் சாய அந்த வெளிவிளிம்புதான் வழியில் நிற்கும். அதைத் தாண்ட வேண்டுமானால் உடம்பை வெளியே நீட்ட வேண்டும், நீட்டினால் காப்பு போய்விடும். 1791இல் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் மேல்பகுதியைப் பிடிக்க முடியாமல் திரும்பியபோது, மேலே இருந்தவர்கள் துப்பாக்கியை மட்டும் நம்பாமல் பாறைகளை உருட்டிவிட்டுத் தடுத்தார்கள். செங்குத்துச் சரிவின் அடியில் நிற்பவனை மதில் மேலிருந்து குழலால் எட்டுவது கடினம் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் காரணம் ஓரளவு விளங்கும்.  

இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும் மறந்துவிடுவார்கள். அதனால் நான் ஒரு குழாயை வைத்துப் பாடம் எடுக்கிறேன். ஒரு கெஜ நீளத்திற்கு முக்கால் அங்குல பி.வி.சி. குழாய், அதன் முன்முனைக்குள் ஒரு லேசர் பேனா, குழாய்க்கு மேலே ஆறரை சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு அட்டைத் துண்டுகள், ஒன்றில் துளை, மற்றொன்றில் ஊசி. துப்பாக்கி இல்லை, குண்டு இல்லை, ஆபத்தும் இல்லை. பெட்டி அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, அட்டைச் சைட்டில் குறியைப் பிடித்த பிறகு லேசர் பொத்தானை அழுத்தச் சொல்வேன். சிவப்புப் புள்ளி எதிரே இருக்கும் அட்டைக்குப் போகாமல் மூக்குக்கு முன்னால் இருக்கும் மரப்பெட்டியின் விளிம்பில் விழுவதைத் தன் கண்ணால் ஒருமுறை பார்த்தவர் அதை மறப்பதில்லை. போன மாதம் இந்தப் பாடத்தை நான்காம் நாளுக்கு வைத்திருந்தேன். இனி முதல் நாள் காலையிலேயே இதுதான்.

செய்ய வேண்டியது என்னவென்றால், சைட்டில் குறி கிடைத்ததும் உடனே சுடாமல், கன்னத்தைத் துப்பாக்கியின் தோள்கட்டையிலிருந்து சற்றே உயர்த்தி, குழல்வாய்க்கும் விளிம்புக்கும் இடையே நான்கு விரல் இடம் இருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு மீண்டும் கன்னத்தை வைப்பதுதான். பழகிவிட்டால் இதற்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகாது. நான்கு விரல் என்பது அளவுகோலின் கணக்கு இல்லை. உடம்பு பதறும்போதும் நினைவில் நிற்கும் கணக்கு. இதனால் தலை ஒரு விரல்கடை கூடுதலாக வெளியே தெரியுமே என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும்தான். ஆனால் தன் சுவரையே சுட்டுக்கொள்பவர் எதிராளிக்குத் தன் இடத்தையும் காட்டிக்கொடுத்து, பக்கத்தில் இருப்பவரையும் காயப்படுத்தி, எதிரே உள்ள குறியையும் விட்டுவிடுகிறார்.

என் எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பயிற்சிக்கு வந்த இளைஞர்களில் இருவர் வேறோர் இடத்தில் பணம் கட்டி, பயிற்சி முடித்த சான்றிதழோடு வந்திருந்தார்கள். தடுப்புக்குப் பின்னால் எப்படி உருண்டு போவது, எப்படிக் குதித்து எழுவது என்றெல்லாம் அங்கே கற்றுக்கொடுத்து, காணொளியும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சைட்டுக்கும் குழலுக்கும் இடைவெளி உண்டு என்ற ஒரே ஒரு செய்தியை மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு மனிதனின் கண்ணைக் காப்பாற்றக்கூடிய செய்தியை விட்டுவிட்டு உருளக் கற்றுக்கொடுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சுவரோடு ஒட்டிக்கொள்வது

அச்சம் வந்தால் உடம்பு சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அது இயல்பு. ஆனால் கடினமான சுவரில் சாய்வாகப் படும் குண்டு, பந்து போல எகிறித் திரும்பாமல், பெரும்பாலும் சுவரின் முகத்தை ஒட்டியே வழுக்கிக்கொண்டு போகிறது. ஒட்டி நிற்பவர் அந்த வழியில்தான் நிற்கிறார். இடம் இருந்தால் ஒரு கை நீளமாவது பின்னால் தள்ளி நிற்பது நல்லது. பின்னால் நின்றால் பார்வையும் விரிவாகக் கிடைக்கும், குழலும் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்காது.

ஒட்டி நிற்பதில் இயந்திரக் கோளாறும் ஒன்று இருக்கிறது. தானாக இயங்கும் கைத்துப்பாக்கியின் மேல்பகுதியைச் சுவரில் அழுத்திக்கொண்டு சுட்டால், அது பின்னால் போய் முன்னால் வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். இந்திய ராணுவத்தின் இன்சாஸ் போலக் காலித் தோட்டாவை வலப்பக்கம் தள்ளும் ரைபிளை, வலப்பக்கம் சுவர் இருக்கும்படி நெருக்கிப் பிடித்தால் தோட்டா சுவரில் பட்டு மீண்டும் உள்ளே விழக்கூடும். சுவரின் மேல் குழலை நேரடியாகச் சாய்த்து வைப்பதும் கூடாது. குண்டு புறப்படும்போது குழல் அதிர்கிறது, கல்லில் அது துள்ளிக் குறியை மாற்றிவிடும். கையை இடையில் வையுங்கள்.

கருவி வாங்கினால் சரியாகிவிடும் என்ற எண்ணம்

காப்புக்கு வெளியே தலையை நீட்டாமல் சுட வேண்டும் என்ற ஆசைக்கு நூறு ஆண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. முதல் உலகப் போரில், 1915 மே மாதம் துருக்கியின் கலிப்பொலியில், பதுங்குகுழியின் மேல் தலை காட்டியவர்கள் எல்லாம் சுடப்பட்டபோது, ஆஸ்திரேலியப் படையின் லான்ஸ் கார்ப்பரல் வில்லியம் பீச் மரச்சட்டத்தில் இரண்டு கண்ணாடிகளைப் பொருத்தி, ரைபிளை மேலே வைத்துக்கொண்டு கீழே இருந்தபடியே சைட்டைப் பார்க்கவும், கம்பியை இழுத்து விசையை இயக்கவும் ஒரு கருவி செய்தார். போருக்கு முன்பு அவர் சிட்னியில் கட்டட வேலை மேற்பார்வையாளர். அவர் செய்ததில் நான் வியக்கும் இடம் ஒன்று உண்டு. அவர் கண்ணை மட்டும் மேலே ஏற்றவில்லை, துப்பாக்கியையும் சேர்த்தே ஏற்றினார். கண்ணாடி ரைபிளின் சைட்டுக்கு நேர் பின்னால் நின்றது. கண்ணுக்கும் குழலுக்கும் இடைவெளி கூடவில்லை.

புதியவர்கள் செய்யும் கற்பனைக் கருவிகளில் இதுதான் தவறிப் போகிறது. பொறியியல் படிக்கும் மாணவர்கள் சிலர் ஒரு மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார்கள்: பொம்மைத் துப்பாக்கியின் மேல் ஒரு கழியில் கேமரா, கையில் திரை. கேமரா குழலுக்கு இருபது சென்டிமீட்டர் மேலே இருந்தது. சுவருக்கு மேல் கேமராவை மட்டும் தூக்கி எதிரே பார்த்து மகிழ்ந்தார்கள். குழலோ சுவரின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் 1996இல் செய்த தவற்றை அவர்கள் கருவியாகவே கட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். அவர்கள் திறமையானவர்கள், அடுத்த வாரமே கேமராவைக் குழலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

இஸ்ரேலின் ஆமோஸ் கோலன் உருவாக்கி 2000களின் தொடக்கத்தில் வெளிவந்த கார்னர் ஷாட் இந்த இடத்தில்தான் தேர்ந்த வேலையாகத் தெரிகிறது. நடுவில் கீல் வைத்த ஒரு சட்டம். முன்பாதியில் கைத்துப்பாக்கியும் கேமராவும் அடுத்தடுத்து இருக்கின்றன. பின்பாதியில் தோள்கட்டையும் திரையும் விசையும். முன்பாதி வலமோ இடமோ மடங்கும்போது கேமரா குழலோடு சேர்ந்தே திரும்புகிறது. நம் நாட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வுக்குப் புனேயில் உள்ள ஏ.ஆர்.டி.இ. ஆய்வகம் இதே வகையில் ஒரு கருவியை உருவாக்கியிருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தின் ஃபெலின் அமைப்போ வேறு வழியில் போனது. ரைபிளின் மேல் உள்ள சைட்டின் காட்சியைச் சுடுபவரின் கண்ணருகே கொண்டுவந்தது. அதில் சைட் குழலுக்கு மேலேயே இருப்பதால் பழைய இடைவெளி அப்படியே இருக்கிறது, நான்கு விரலை அங்கேயும் பார்க்கத்தான் வேண்டும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் அது எடுத்துக்கொள்ளும் விலை ஒன்று உண்டு. விசைக்கும் துப்பாக்கிக்கும் இடையே கம்பியோ நெம்புகோலோ வந்துவிட்டால், விரலில் உணரும் அந்த நுண்மையான அழுத்தம் மழுங்கிவிடும். ஒரே கேமராவின் படத்தில் ஆழம் தெரியாது. ஒருவர் கதவுக்கு முன்னால் நிற்கிறாரா பின்னால் நிற்கிறாரா என்பதைத் திரை சொல்லாது. சித்திரை வெயிலில் சின்னத் திரையில் எதுவுமே தெரியாது. இவற்றையெல்லாம் பழகிக் கடக்கலாம், ஆனால் பல வார உழைப்பு வேண்டும். கருவியை நேற்று வாங்கி இன்று கதவோரம் நிற்பவர், கருவி இல்லாத நல்ல சுடுநரைவிட ஆபத்தானவர்.

வளைந்த குழல்

ஜெர்மானியர் இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஸ்டூர்ம்கெவேர் என்ற ரைபிளுக்கு 30 பாகை வளைந்த குழல் செய்தார்கள். அது சுமார் 300 குண்டுகளில் தேய்ந்துபோனது, குண்டுகள் உள்ளேயே உடைந்தன. அவ்வளவுதான்.

வீட்டில் செய்து பார்ப்பது

வேண்டாம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் அதை மாற்றி அமைப்பதும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். பி.வி.சி. குழாயும் லேசர் பேனாவும் போதும்.

மாற்றுத் தோள்

வலக்கைக்காரர் சுவரின் இடது ஓரத்தில் வலத்தோளிலேயே வைத்துச் சுட்டால் மார்பில் பாதி வெளியே வந்துவிடும். தோளை மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் பழகுவதில்லை. பழகாமல் சண்டை நேரத்தில் மாற்றினால் கை தடுமாறும், விசைக்குப் போக வேண்டிய விரல் எங்கோ போகும். நாளுக்குப் பத்து நிமிடம், குண்டில்லாத துப்பாக்கியோடு, கதவு நிலையில் நின்று இடத்தோளில் வைத்து எடுத்துப் பழகினால் மூன்று மாதத்தில் வந்துவிடும். இடக்கண் பலவீனமாக உள்ளவர்கள் மட்டும் இதைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம், அவர்களுக்கு ஓரத்தை விடச் சுவரின் மேல்பக்கமே நல்லது. என்னோடு மண்டியிட்டு இருந்த அந்தத் தோழனுக்கு அடிபட்டது இடக்கண் பக்கம் என்பதால் கடைசிவரை வலத்தோளிலேயே சுட முடிந்தது. அது ஒன்றுதான் அன்று மிஞ்சிய நல்ல செய்தி.

திரையின் பேட்டரி

மேலே சொன்ன கேமராக் கருவி வைத்திருந்தால், அதன் திரையின் பேட்டரியைப் புறப்படும் முன்பு பாருங்கள். மாற்றுப் பேட்டரி சட்டைப் பையில் இருக்கட்டும்.

இருட்டில்

வங்கி கன்மேன்களுக்கு இரவு வேலை அதிகம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். குழலோடு இணைத்த டார்ச்சைச் சுவருக்குப் பின்னாலிருந்து போட்டால், ஒளி பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பி முதலில் உங்கள் கண்ணையே கூசச் செய்யும். எதிரே இருப்பவர் தெரியமாட்டார், வெள்ளைச் சுவர்தான் தெரியும். டார்ச் குழலுக்கு அருகிலேயே இருப்பதால் இதில் ஓர் உதவியும் இருக்கிறது: ஒளி வட்டத்தின் ஓரம் சுவரின் விளிம்பில் பளிச்சென்று பட்டால், குழலுக்கும் வழி திறக்கவில்லை என்று அர்த்தம். இரவுப் பயிற்சியில் இப்போது பி.வி.சி. குழாயின் அடியிலேயே ஒரு சிறிய டார்ச்சைக் கட்டிவிட்டிருக்கிறேன். போன வாரம் ஐம்பத்தெட்டு வயதுடைய ஒரு மூத்தவர் பெட்டி அடுக்குக்குப் பின்னால் அதைப் பிடித்து, விளிம்பில் விழுந்த ஒளியைப் பார்த்ததும், நான் எதுவும் சொல்லாமலேயே கன்னத்தைத் தூக்கி, குழாயை நான்கு விரல் உயர்த்தி, மீண்டும் கன்னத்தை வைத்தார்.